அது பறவை இல்லை

சூரிச், 14.01.2024

அன்பு அக்கா,

அங்கை சூரியன் திரும்பி வந்திட்டுதோ? தை நடுப்பகுதி மட்டும் பகலிலும் லைற் போட்டுத்தான் வேலை எண்டு போன கடிதத்திலை எழுதியிருந்தீங்கள். உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ. பூம்ப்ளிஸ் வீட்டிலை அம்மாவும் அப்பாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ மட்டும் விட்டபாடில்லை. நீங்கள் சொன்னது சரி, போனிலை எண்டால் "சாப்பிட்டியோ" எண்டு கேக்கவே உங்கடை பக்கம் லைன் அறுந்து போகுது. எனக்கும் எழுதுறது பிடிச்சுப்போச்சு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வீண் போகேல்லை.

ஒரு நல்ல சேதி. காட்சிக்கூடத்திலை என்னை நிரந்தரமாக்கிப் போட்டினம். வாற ஐப்பசியிலை பெரிய கண்காட்சி ஒண்டு நடக்கப்போகுது, உங்கடை கனடா வடக்குப் பக்கத்து ஆதிக்குடியள், இனுயிட் ஆக்களின்ரை கல்லச்சுப் படங்கள். இஞ்சை ஒரு பணக்காரர் ஆயுள் முழுக்க வாங்கிச் சேர்த்தது. அவர் செத்தாப்பிறகு எல்லாம் எங்களிட்டை வந்திட்டுது. படங்களுக்குப் பக்கத்திலை வைக்கிற குறிப்பு எழுதுறது என்ரை வேலை.

அதிலை ஒண்டு உங்கடை ஊரிலை செய்த படம். எழுபத்து நாலாம் ஆண்டு. பெரிய கறுப்புப் பறவை ஒண்டு, அதின்ரை முதுகிலை சின்னப் பிள்ளையள். கீழை ஒரு பொம்பிளை ரெண்டு கையையும் மேலை தூக்கிக்கொண்டு நிக்கிறா. "பறவையோடு விளையாட்டு" எண்டு தலைப்பு. எங்கடை ஷெஃப், காட்சிக்கூடத்து மேலாளர் ஹெர் எப்னருக்குச் சரியான விருப்பம், சுவரொட்டிக்கும் அதைத்தான் போடப்போறார். செய்தவவின்ரை பேர் மாட்டா எண்டு மட்டும் கிடக்கு. பிறந்த ஆண்டுகூட இல்லை. உங்களுக்கு ஆளைத் தெரியுமோ? உயிரோடை இருந்தால், இது என்ன விளையாட்டெண்டு கேட்டு ரெண்டு வசனம் எழுதி அனுப்புங்கோ. படத்தையும் இதுக்குள்ளை வைச்சிருக்கிறன்.

அன்புடன்,
கிருசிகா


நுனாவுட், 20.02.2024

என்ரை கிருசிகாவுக்கு,

புயலாலை தபால் விமானம் இறங்கேல்லை, உன்ரை கடிதம் பிந்தித்தான் வந்தது. நான் நல்லாயிருக்கிறன். சூரியன் வந்திட்டுது, முகத்தைக் காட்டிப்போட்டு உடனை ஓடுது. அம்மா எப்பிடி? முழங்காலைப் பற்றி எழுதினாய். ஆள் எப்பிடி எண்டு எழுதேல்லை. வேலை நிரந்தரமானது எனக்கும் சந்தோசம்.

மாட்டாவைத் தெரியும். பிரஷர் பாக்க என்ரை கிளினிக்குக்கு வாறவ. எண்பதுக்குக் கிட்ட வயசு. மார்த்தாவை இஞ்சை அப்பிடித்தான் சொல்லுறவை. எனக்கு முதலிலை சிரிப்பு வந்தது, ஏனெண்டால் ஆளும் பேரைப் போலைதான். குளிசை போடமாட்டா, ஊசிக்குக் கை நீட்டமாட்டா. இஞ்சை அச்சுப்பட்டறையிலை பொம்பிளையள் கீறிக் குடுக்க, ஆம்பிளையள்தான் கல்லிலை வெட்டுறது. மாட்டா ரெண்டையும் தானே செய்தவ. கல்லு வெட்டுறது உன்ரை வேலையில்லை எண்டு சொன்ன பொறுப்பாளரின்ரை உளியை எடுத்துக்கொண்டு வீட்டை போட்டாவாம். வெட்டின கல்லிலை மை உருட்டி, மெல்லிய தாளை மேலை விரிச்சு, கையாலை தேய்ச்சு எடுக்கிறது. இண்டைக்கும் அவவின்ரை வலது உள்ளங்கை மரக்கட்டை மாதிரி.

நீ அனுப்பின படத்தைக் காட்டினன். பாத்தா. மேசையிலை கவிட்டு வைச்சா. எழும்பிப் போட்டா. அடுத்த கிழமை தானாக வந்து, மொழிபெயர்க்கிற பெட்டை சியாசியையும் கூப்பிட்டு இருத்திப்போட்டுச் சொன்னா.

"அது பறவை இல்லை."

அது விமானம், கிருசிகா. அறுபத்தாறாம் ஆண்டு வசந்தத்திலை டொக்டர்மார் வந்து எல்லாரின்ரையும் நெஞ்சைப் படம் பிடிச்சவை. மாட்டாவின்ரை மகள் இலிசபிக்குக் காசநோய் எண்டிருக்கினம். மூண்டு வயசுப் பிள்ளை. தாயை ஒரு சொல்லும் கேக்கேல்லை. வேறை பிள்ளையளோடை சேர்த்து அண்டைக்கே ஏத்திக்கொண்டு போட்டினம். மாட்டா பனிக்கு மேலாலை பின்னாலை ஓடியிருக்கிறா. படத்திலை கையைத் தூக்கினது ஆடுறதுக்கில்லை. விமானத்தை மறிக்கிறதுக்கு. அந்தப் பொம்பிளையின்ரை சட்டைக்குப் பின்னாலை ஒரு பை தொங்குதெல்லோ, பிள்ளையைப் போட்டுக் காவுற பை. திரும்ப ஒருக்கால் பார். வெறும் பை.

பிள்ளை செத்துப்போச்செண்டு ரேடியோவிலை சேதி வந்ததாம். எங்கை தாட்டதெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த நேரம் அரசாங்கம் இவைக்குப் பேருக்குப் பதிலாக் கழுத்திலை ஒரு இலக்கத் தகடு குடுத்து வைச்சிருந்தது. ஆசுப்பத்திரியிலும் அதைத்தான் எழுதியிருக்கினம்.

மாட்டா அந்தப் படத்துக்கு வைச்ச பேர் "இலிசபியைத் திருப்பித் தாங்கோ". இப்பிடியொரு பேரோடை ஒருத்தரும் வீட்டிலை மாட்டமாட்டினம் எண்டு சொல்லி, பொறுப்பாளர்தான் விளையாட்டெண்டு எழுதினதாம்.

நீ கேட்ட ரெண்டு வசனம் இதுதான். அம்மாவைப் பற்றி எழுது.

அக்கா சிவானுஜா


சூரிச், 24.03.2024

அன்பு அக்கா,

குளிர் குறைஞ்சுதோ? இஞ்சை மரங்கள் துளிர்க்குது. எல்லாரும் சுகம்.

உங்கடை கடிதத்தை ட்ராமிலை வாசிச்சன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போட்டன். காட்சிக்கூடத்துக்குப் போய் முதல் வேலையாப் படத்தை எடுத்துப் பாத்தன். வெறும் பைதான்.

ஹெர் எப்னரிட்டை எல்லாத்தையும் சொன்னன். குறுக்கை கதைக்காமல் கேட்டார். மனசைத் தொடுகிற கதை எண்டார். ஆனால் தலைப்பை மாத்த ஏலாதாம். அரை நூற்றாண்டா எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பேர்தானாம், அதுக்கும் ஒரு வரலாறு இருக்காம். எங்கடை கண்காட்சிப் புத்தகமும் அச்சுக்குப் போகப்போகுது. நான் விடாமல் கேக்க, பின்பக்கத்திலை ஒரு வரி சேர்க்கலாம் எண்டு ஒத்துக்கொண்டார். "இப்படத்துக்குத் தனிப்பட்ட ஒரு பின்னணி இருப்பதாகவும் சொல்லப்படுகிறது."

அது காணாதெண்டு எனக்கும் தெரியும். ஆனால் இந்த ஆக்களோடை மெல்ல மெல்லத்தான் போகவேணும். கோவிச்சால் கதவைச் சாத்திப்போடுவினம். மாட்டாவிட்டைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ.

அன்புடன்,
கிருசிகா


நுனாவுட், 22.04.2024

கிருசிகாவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமா இரு.

"சொல்லப்படுகிறது" எண்டால் ஆர் சொல்லுறது? பெத்தவ சொல்லுறா. பேர் இருக்கு, ஊர் இருக்கு, இப்பவும் என்ரை கிளினிக்கிலை வந்து இருக்கிறா. உன்ரை ஷெஃப் ஆரோ வழிப்போக்கன் சொன்னமாதிரி எழுதுறார், நீயும் அதை எனக்குச் சேதியெண்டு அனுப்புறாய்.

பொறுக்கச் சொன்னதை மாட்டாவிட்டைச் சொன்னன். சியாசி மொழிபெயர்க்க முதலே அவவுக்கு விளங்கிட்டுது. மேசையிலை அடிச்சாவே ஒரு அடி, பிரஷர் பாக்கிற மெசின் கீழை விழுந்துது. அவ கேக்கிறது இதுதான். பிள்ளையின்ரை பேரை எழுதுங்கோ, இல்லாட்டில் படத்தைக் கழட்டுங்கோ. ரெண்டிலை ஒண்டு.

அம்மாவைப் பற்றிக் கேட்டால் "எல்லாரும் சுகம்" எண்டு எழுதுறாய். வைகாசி வருகுது. எனக்குத் தெரியாதே அவ எப்பிடி இருப்பா எண்டு.

சிவானுஜா


சூரிச், 16.06.2024

அன்பு அக்கா,

எழுதப் பிந்திப்போச்சு. உங்கை பனி உடையத் தொடங்கியிருக்கும். சுகமா இருக்கிறீங்கள் எண்டு நம்புறன். இஞ்சை எனக்குச் சுகமில்லை. உடம்பு வருத்தமெண்டு ஒண்டுமில்லை.

கண்காட்சிக்குக் காசு குடுக்கிறது ஒரு சொக்லேற் கொம்பனி. அவையளோடை கூட்டம் வைச்சினம். நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விற்பனைக்கு, ஒரு தகர டப்பா விடப்போகினமாம். மாதிரி ஒண்டைக் கொண்டுவந்து மேசை நடுவிலை வைச்சினம். மூடியிலை மாட்டாவின்ரை படம். பறவைக்கு நீல நிறம் குடுத்திருக்கினம், பிள்ளையளுக்குச் சிவப்புக் கன்னம். பொம்பிளையின்ரை கைக்கு மேலை பொன் எழுத்திலை "பறவையோடு விளையாட்டு". எல்லாரும் கை மாத்தி மாத்திப் பாத்து நல்லாயிருக்கெண்டிச்சினம். படத்தின்ரை உரிமையை அந்தக் காலத்து ஏஜென்ற் ஒருத்தன் எழுதி வாங்கினவனாம், சட்டப்படி ஒரு பிழையும் இல்லையாம்.

நான் கையை உயர்த்தினன். அது பிள்ளையைப் பறிகுடுத்த தாய், அதைச் சொக்லேற் டப்பாவிலை போட ஏலாது எண்டு சொன்னன். என்ரை குரல் நடுங்கினது எனக்கே கேட்டது. கொம்பனிப் பொம்பிளை டப்பாவைத் தன்ரை பக்கம் இழுத்துக்கொண்டா. ஹெர் எப்னர் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார்.

"ஃப்ராவ் உருத்திரா, உங்கடை பின்னணியாலை நீங்கள் இதை உணர்ச்சிவசமாப் பாக்கிறீங்கள். எங்களுக்கு விளங்குது."

என்ரை பின்னணியாம். அவருக்கு உருத்திரமூர்த்தி எண்ட முழுப்பேரே இண்டைவரைக்கும் வாயிலை வரேல்லை. கூட்டம் முடிய எல்லாற்றை கோப்பிக் கோப்பையளையும் எடுத்து அடுக்கி வைச்சன். அது என்ரை வேலையுமில்லை. ஏன் செய்தன் எண்டு தெரியேல்லை.

கிருசிகா


நுனாவுட், 10.07.2024

கிருசிகாவுக்கு,

சுகம் விசாரிச்சுத் தொடங்க எனக்கு இண்டைக்கு மனமில்லை.

டப்பாவைப் பற்றி மாட்டாவிட்டை நான் எப்பிடிச் சொல்லுறது? சொன்னன். அவ, அதுக்குள்ளை சொக்லேற் எத்தினை கிடக்கும் எண்டு கேட்டா. தெரியாதெண்டன். "நல்லாச் சாப்பிடட்டும்" எண்டா. அவ கத்தியிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

நீ கோப்பை அடுக்கினதுக்குக் காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் அப்பிடித்தான் வளர்ந்தனாங்கள். அந்நியர் எழுதின பொய்த்தலைப்புக்கு நீ இப்ப அழுகிறாய். எங்கடை வீட்டிலை அப்பா எழுதின தலைப்பு என்ன? "மூத்தவர் பிரான்ஸிலை."

அவனை விட்டிட்டு வந்தது நீ பிறக்க முதல், அதாலை உனக்கு அவன் கதை. எனக்கு அண்ணையின்ரை முகம் தெரியும். தொண்ணூறிலை நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்குள்ளை அவனுக்குக் காய்ச்சல். மாமா வீட்டிலை விட்டிட்டு வந்தம், பிறகு கூப்பிடுவம் எண்டு. உங்கை சுவிஸிலை விசா கிடைக்கக்குள்ளை அவனுக்கு வயசு கூடிப்போச்செண்டிச்சினம். ரெண்டாயிரத்து ஒன்பது வைகாசியிலை, சண்டை முடிய, ஆமிக்காரர் அவனைப் பஸ்ஸிலை ஏத்தினதை மாமா தன்ரை கண்ணாலை கண்டவர். அதோடை சரி. கோயிலடியிலை ஆக்கள் கேட்ட உடனை அப்பா பிரான்ஸ் எண்டார். என்ரை கலியாணத்திலை மைக்கைப் பிடிச்சு, மகன் கீர்த்தனனுக்குப் பாரிஸிலை லீவு கிடைக்கேல்லை எண்டு சொன்னார். நான் மணவறையிலை மாலையோடை இருந்து கேட்டுக்கொண்டிருந்தன். அம்மா பக்கத்திலை நிண்டு தலையாட்டினா. அண்டைக்கு நினைச்சன், இந்த வீட்டிலை இருந்து ஏலுமான அளவு தூரம் போகவேணும் எண்டு. வந்திட்டன். இதுக்கு மேலை வடக்கே கடல்தான் கிடக்கு.

உன்ரை எப்னரிலை எனக்குப் பெரிசாக் கோவம் இல்லை. அவர் ஆர் எங்களுக்கு?

சிவானுஜா


சூரிச், 25.08.2024

அக்காவுக்கு,

உங்கடை கடிதத்தைக் கிழிச்சுப் போட்டிட்டு, பிறகு ஒட்டி எடுத்தனான். சுகமா இருங்கோ. இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

நீங்கள் போயிட்டீங்கள். கோவம் வந்த உடனை பெட்டியைக் கட்டிக்கொண்டு போக உங்களுக்குக் கனடா இருந்தது. நான் எங்கை போறது? ஒவ்வொரு வைகாசியும் அம்மா ஒரு கிழமை அடுப்பு மூட்டமாட்டா. அப்பா கடையிலை றொட்டி வாங்கிவந்து வைப்பார், ஒருத்தரும் ஒண்டும் கதைக்கமாட்டினம். நான் வேலை முடிய சூரிச்சிலை இருந்து ரெயின் ஏறி வந்து, அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, திரும்பப் போவன். அதைத்தான் "எல்லாரும் சுகம்" எண்டு எழுதினனான். வேறை என்ன எழுதச் சொல்லுறீங்கள்? நீங்கள் வாசிச்சுப்போட்டு அங்கையிருந்து என்ன செய்வீங்கள்?

அண்ணை எனக்குக் கதைதான். ஓம். காணாத ஒருத்தருக்காகச் சின்னனிலை இருந்தே பொய் சொல்லப் பழகினது நான். அஞ்சாம் வகுப்பிலை ரீச்சர் சகோதரங்களைக் கீறச் சொல்ல, ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்திலை ஒரு ஆளைக் கீறினது நான். கொப்பியிலை நட்சத்திரம் போட்டுத் தந்தவ.

போன ஞாயிறு அம்மாவின்ரை முழங்காலுக்கு எண்ணெய் போடேக்குள்ளை மாட்டாவின்ரை கதையைச் சொன்னன். ஏன் சொன்னன் எண்டு தெரியேல்லை, உங்களிலை இருந்த கோவத்திலைதான் சொன்னனாக்கும். அம்மா காலை இழுத்துக்கொண்டா. "அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" எண்டா. சொன்னன். அவ அதைத் திருப்பிச் சொல்லிப் பாத்தா. பிறகு, கண்காட்சி திறக்கிற அண்டைக்குத் தானும் வாறன் எண்டா. அப்பா உள்ளையிருந்து, உந்தப் படி ஏறி இறங்கி அங்கை என்னத்தைப் பாக்கப் போறாய் எண்டு கேட்டார். அம்மா எண்ணெய்க்குக் காலைத் திரும்ப நீட்டினா.

கிருசிகா


நுனாவுட், 20.09.2024

என்ரை தங்கச்சிக்கு,

நீ எழுதின ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேணும். அதுக்கு மேலை ஒண்டும் எழுதத் தெரியேல்லை. நல்லாச் சாப்பிடு. அம்மாவுக்குக் குளிர்காலச் சப்பாத்து நல்லதா ஒண்டு வாங்கிக் குடு.

மாட்டா உனக்கு ஒரு கடிதம் தந்திருக்கிறா. அவ சொல்ல, சியாசி இங்கிலிஷிலை சொல்ல, நான் தமிழிலை எழுதினது. இதை வைச்சு என்ன செய்யிறதெண்டு நீ தீர்மானி. நான் இனி உன்னை ஏசமாட்டன்.

"கிருசிகா, நான் மாட்டா. அந்தக் கல்லை ஒரு பனிக்காலம் முழுக்க வெட்டினேன். வெட்டும்போது கணவனோடும் கதைக்கவில்லை. அச்சடித்து முடிந்ததும், வழக்கப்படி, இனி யாரும் அடிக்கமுடியாதபடி கல்லைக் கொத்திவிட்டார்கள். அதனால் உங்களிடம் இருக்கிற தாளில்தான் அது இருக்கிறது.

என் மகளைக் கொண்டுபோனவர்கள் நல்லவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். மருந்து கொடுக்கத்தான் கொண்டுபோனார்களாம். இருக்கலாம். என்னிடம் கேட்டார்களா? செத்த பிறகு உடம்பைத் தந்தார்களா? நான் கேட்கக் கேட்க ஒரு இலக்கத்தைச் சொன்னார்கள். பிறகு என் படத்தையும் கொண்டுபோனார்கள். அதன் பெயரையும் மாற்றினார்கள். இப்போது அதற்குள் இனிப்பு வைக்கிறார்கள்.

எனக்கு அவர்களுடைய இரக்கம் வேண்டாம். அந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு, நான் அங்கே ஆடவில்லை என்று தெரியவேண்டும். அவள் பெயர் இலிசபி."

அக்கா


சூரிச், 20.10.2024

அன்பு அக்கா,

சுகமா இருக்கிறீங்களோ? எனக்கு வேலை போயிட்டுது. முதலிலேயே சொல்லிப்போடுறன், வாசிக்கேக்குள்ளை பயப்பிடாமல் வாசியுங்கோ.

போன வியாழன் திறப்புவிழா. அம்மா மாம்பழக் கலர்ச் சீலையோடை, அதுக்கு மேலை தடிச்ச ஜக்கெற்றும், நீங்கள் சொன்ன புதுச் சப்பாத்துமா வந்தா. அப்பா வரேல்லை. வாசலிலை டப்பாக்களைக் கோபுரம் மாதிரி அடுக்கி வைச்சிருந்தினம். வைன் கிளாசோடை ஒரே சனம். முதல் அறையிலை விளக்கம் சொல்லவேண்டியது நான். எழுதித் தந்ததை வாசிச்சுக்கொண்டு போனன். மாட்டாவின்ரை படத்தடிக்கு வந்ததும் தாளை மடிச்சுப்போட்டு, அவவின்ரை கடிதத்தை ஜேர்மனிலை வாசிச்சன்.

பாதியிலை மைக் நிண்டுபோச்சு. ஹெர் எப்னர் சொல்லி நிப்பாட்டினதெண்டு பிறகு அறிஞ்சன். நான் குரலை உயர்த்தி வாசிச்சன். இந்த முறை நடுங்கேல்லை. சரியான கோவம், அக்கா. கோவம் வந்தால் ஜேர்மன் எனக்கு இவ்வளவு நல்லா வரும் எண்டு தெரியாது. அவர் கிட்ட வந்து, காணும் எண்டார். "இன்னும் ஒரு வரி கிடக்கு" எண்டு சொல்லி அதையும் வாசிச்சன். அவள் பெயர் இலிசபி.

ஒருத்தரும் கை தட்டேல்லை. கொஞ்சப்பேர் நிலத்தைப் பாத்தினம். ஒரு வயசான சுவிஸ் பொம்பிளை கையிலை இருந்த டப்பாவைத் திரும்பக் கொண்டுபோய் மேசையிலை வைச்சா. மற்ற ஆக்கள் வைச்சிருந்தவை வைச்சிருந்தபடிதான். கொஞ்ச நேரத்திலை திரும்பச் சிரிப்புச் சத்தமும் கிளாஸ் சத்தமும் தொடங்கிட்டுது.

அம்மா மட்டும் படத்துக்கு முன்னாலை நிண்டா. காவலாளி வந்து கிட்டப் போகவேண்டாம் எண்டு சொல்ல, நகரேல்லை. என்னைக் கூப்பிட்டு, "இதிலை இலிசபி ஆர்?" எண்டு கேட்டா. பறவைக்கு மேலை இருக்கிற ஒவ்வொரு பிள்ளையாக் காட்டி, இதோ, இதோ எண்டு கேட்டா. மாட்டாவிட்டைக் கேட்டு எழுதுங்கோ.

அடுத்த நாளே வேலை நீக்கக் கடிதம் கையிலை தந்தினம். நிர்வாகத்தின்ரை நம்பிக்கையை மீறினதாம். தலைப்பு அப்பிடியே கிடக்கு. சண்டை முடியேல்லை. பேப்பரிலை எழுதுற ஒருத்தி கதைக்க வேணுமெண்டு கேட்டிருக்கிறா, கதைக்கப் போறன்.

அன்புடன்,
கிருசிகா


நுனாவுட், 25.11.2024

என்ரை தங்கச்சிக்கு,

சுகம். இருட்டுக்காலம் தொடங்கிட்டுது. உனக்கு வேலை போனதுக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் ரெண்டு தாளை எழுதிக் கசக்கிப்போட்டன். நல்லாச் செய்தனி. அவ்வளவுதான்.

அம்மா கேட்டதை மாட்டாவிட்டைக் கேட்டன். அவ சொன்னா, பறவைக்கு மேலை இருக்கிறவை மற்றப் பிள்ளையளாம். அவையள் ஆசுப்பத்திரியிலை இருந்து திரும்பி வந்தவை. இலிசபியை விமானத்துக்கு மேலை வெட்ட அவவின்ரை கை வரேல்லையாம். "அந்தப் பைக்குள்ளைதான் பாக்கவேணும். அங்கைதான் அவள் இல்லை" எண்டா. அம்மாட்டை இதை அப்பிடியே சொல்லு.

இன்னொண்டு. சொக்லேற் கொம்பனி மரியாதைக்கெண்டு மாட்டாவுக்கு ஒரு பெட்டி டப்பா அனுப்பியிருக்கு, ஆரோ கையெழுத்துப்போட்ட நத்தார் வாழ்த்து மட்டையோடை. சொக்லேற்றைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுத்திட்டா. டப்பாக்களைக் குடுக்கேல்லை. கல்லு வெட்டுற உளியோடை பட்டறையிலை இருந்து, ஒவ்வொரு மூடியிலும் அந்தப் பொன் எழுத்தைத் தகரம் தெரியுமட்டும் சுரண்டினா. சுரண்டின இடத்திலை மகளின்ரை பேரைத் தங்கடை எழுத்திலை கொத்தினா. நான் வேலை முடிஞ்சு போய்ப் பக்கத்திலை இருந்தன். ஒரு டப்பாவிலை உளி வழுக்கிக் கையிலை வெட்டிப்போட்டுது, மருந்து கட்ட விடமாட்டா எண்டு பாத்தால், கையை நீட்டினா. ஒண்டு எப்னருக்கு, ஒண்டு கொம்பனிக்கு, ஒண்டு உனக்கு. தபாலிலை வருகுது.

பங்குனியோடை என்ரை ஒப்பந்தம் முடியுது. பிறகு எங்கையெண்டு இன்னும் யோசிக்கேல்லை.

அக்கா


பூம்ப்ளிஸ், 05.01.2025

மகள் சிவானுஜாவுக்கு அம்மா எழுதுறது.

நான் கடிதம் எழுதிக் கன வருசம். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்கை வெறுங்கையோடை திரியாதை. என்ரை முழங்கால் இருந்தமாதிரித்தான். தங்கச்சிக்குப் பாடன் ஊரிலை ஒரு சின்ன மியூசியத்திலை வேலை சரிவரும் போலை கிடக்கு. கண்காட்சியிலை இப்ப புதுசா ஒரு குறிப்பு ஒட்டியிருக்கினமாம், பேப்பரிலை வந்த பிறகு. பேர் இருக்காம். சின்ன எழுத்திலையாம். பழைய தலைப்பும் மேலை இருக்காம்.

மாட்டாவின்ரை மறுமொழியைக் கிருசிகா சொன்னவள். அந்த மனிசிக்கு என்ரை வணக்கத்தைச் சொல்லு.

வெள்ளிக்கிழமை அப்பாவோடை கோயிலுக்குப் போனனான். பூசை முடியச் சாப்பாட்டுக்கு இருந்தம். கோயிலுக்கு வழமையா வாற ஞானேஸ்வரியும் மற்றப் பொம்பிளையளும் எதிரை இருந்தவை. ஞானேஸ்வரி எப்பவும் கேக்கிறதைத்தான் கேட்டவள். மூத்தவர் பிரான்ஸிலை சுகமோ, இன்னும் கலியாணம் கட்டேல்லையோ எண்டு. அவளிலை பிழை சொல்ல ஏலாது. நாங்கள் சொல்லிக் குடுத்ததை அவள் கேக்கிறாள்.

கொப்பர் வழக்கம்போலை, ஓம் ஓம், சுகம் எண்டார்.

நான் சோத்துக் கோப்பையைக் கீழை வைச்சன். "என்ரை பிள்ளை பிரான்ஸிலை இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை. அவன்ரை பேர் கீர்த்தனன். ஒன்பதாம் ஆண்டு ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்தினவை. இறக்கின இடத்தை இண்டைக்கும் சொல்லேல்லை" எண்டன்.

நான் மெல்லக் கதைக்கேல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த முழுப்பேரும் கேட்டினம். ஞானேஸ்வரி என்ரை கையைப் பிடிக்க வந்தாள். நான் குடுக்கேல்லை. அழுகை வரேல்லை எனக்கு. இவ்வளவு காலமும் ஒரு தாயை மற்ற ஆக்களுக்கு முன்னாலை பொய்க்குத் தலையாட்ட வைச்சினமே எண்ட கோவம். உன்ரை கலியாணத்திலை நான் தலையாட்டினதை நீ பாத்தனி. எனக்குத் தெரியும் நீ பாத்தனி எண்டு.

கொப்பர் எழும்பி வெளியிலை போட்டார். ட்ராமிலை முன்சீற்றிலை போய் இருந்தார். வீட்டை வந்தும் கன நேரம் ஜக்கெற்றைக் கழட்டாமல் கதிரையிலை இருந்தார். பிறகு கேட்டார், "இனி எல்லாரும் கேக்கப் போகினம். என்ன சொல்லுறது?" எண்டு.

"அவன்ரை பேரைச் சொல்லுங்கோ" எண்டன்.

ஜக்கெற்றோடையே எழும்பி அறைக்குள்ளை போட்டார். ஆனால் நேற்று உன்ரை மாமாவோடை போனிலை கதைக்கேக்குள்ளை, "எங்கடை கீர்த்தனன்" எண்டு சொன்னது குசினியிலை எனக்குக் கேட்டது. பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டிலை அவற்றை வாயாலை. குரல் உடைஞ்சுதான் வந்தது. நான் போய்த் தேத்தண்ணி குடுக்கேல்லை. உடையட்டும் எண்டு விட்டிட்டன்.

பங்குனியிலை வேலை முடியுதாமே. நேரை இஞ்சை வா. நீ அவனோடை விளையாடினனி, அவனைத் தெரிஞ்சவள். தங்கச்சிக்கு அவன் எப்பிடிச் சிரிப்பான் எண்டுகூடத் தெரியாது. அதை ஆராவது அவளுக்குச் சொல்லவேணும். நான் ஒராளாச் சொல்லக் காணாது.

அம்மா